பெயரை மட்டும் வெட்டினார்கள்

"போன்ல அழுதா மார்க்கு வருமா?" என்று அப்பா கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம். கொரோனாவால் பள்ளி மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் பிளஸ் டூ. புதன்கிழமைதோறும் சாயந்திரம் நான்கு மணிக்கு எங்கள் தாவரவியல் மிஸ் என்னை அழைப்பார். நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். அரை மணி நேரம் கழித்துக் கண் சிவந்து இறங்கி வருவேன். அப்பாவுக்கு இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே என்னைச் சேர்க்கத்தான்.

"அழறதுக்கு இல்லப்பா. மனசு விட்டுப் பேசறதுக்கு. ஸ்கூல்லயே ஏற்பாடு பண்ணியிருக்காங்க."

"ஏன், வூட்ல மனுசங்க இல்ல? எங்கிட்ட பேசு."

"உங்ககிட்ட என்ன பேசறது?"

"அதான, இன்னா பேசறது" என்று அவரே ஒப்புக்கொண்டு, வாசலில் ஓடாமல் நின்றுகொண்டிருந்த தன் ஷேர் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். அதை அவர் அன்று காலையிலும் துடைத்திருந்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரே காம்பவுண்டில் ஆறு வீடுகள். எங்களுடையது மூன்றாவது. ஓர் அறை, ஒரு சமையலறை. அம்மா கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதும், துடைக்க அங்கே தரை இருந்தும் அழுக்கு இல்லாமல் போயிற்று. எல்லாரும் வீட்டில். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்மார்ட்போன். ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் என்னைக் கேள்வி கேட்டால், பின்னால் குக்கர் விசிலும் அப்பாவின் இருமலும் அங்கே கேட்டுவிடுமே என்று மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பதில் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தாங்காது.

தாங்காததற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியின் காலைப் பிரேயரில் செய்தி வாசித்தவள் நான்தான். மைக் முன்னால் நின்றால் ஆயிரம் பேர் சத்தமில்லாமல் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று ஒரு வார்த்தை பேசினால் போதும், முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து "பிரேயர் அக்கா" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ள எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

மிஸ் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ள பள்ளியில் நான்கு ஆசிரியர்களைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சி. மற்ற மூவரும் "நல்லா இருக்கியா, சரி வை" என்று முடித்துக்கொண்டதாகத் தோழிகள் சொன்னார்கள். என் மிஸ் அப்படியில்லை. முதலில் "இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்பார். பிறகு பேசாமல் இருப்பார். நான் அழுதால் அழ விடுவார். அழுது முடித்ததும் "இதெல்லாம் நமக்குள்ளதான் இருக்கும்மா, யாருக்கும் போகாது" என்பார். அந்தப் புதன்கிழமைகளை நம்பித்தான் மற்ற ஆறு நாளும் காலையில் எழுந்தேன். எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று பாயிலேயே கிடந்த நாட்கள் அவை. சூரியன் ஏறிய பிறகும் போர்வையை விலக்கப் பயமாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை அவர் அழைக்கவில்லை. மெசேஜ் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் ஜுரம், நீ வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பு, நான் நிதானமாகக் கேட்கிறேன் என்றார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து ஏழு நிமிடம் பேசினேன். தூக்கம் வரவில்லை என்றேன். படிப்பை நிறுத்திவிட்டு மறைமலை நகரில் ஏதாவது கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அப்பா ஒரே ஆட்டோவை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைக்கிறார், பார்க்கப் பயமாக இருக்கிறது என்றேன். கடைசியில் இதையும் சொன்னேன்: "எங்கம்மாகிட்ட எதையும் சொல்ல முடியாது மிஸ். அவங்க படிக்காதவங்க. சொன்னாலும் புரியாது. அவங்க பக்கத்துல இருந்தா எனக்கு இன்னும் தனியா இருக்கற மாதிரி இருக்கு."

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே என் குரல் கேட்டது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வீட்டிலிருந்து, வணக்கம் இல்லாமல், பெயர் இல்லாமல், நான் பேசிக்கொண்டிருந்தேன். "எனக்கு ராத்திரியில தூக்கமே வரல" என்றேன். அது முடியும் முன்பே எங்கள் வீட்டிலிருந்தும் அதே குரல், இரண்டு வார்த்தை பின்னால், "எனக்கு ராத்திரியில தூக்கமே வரல" என்றது. ஒரே பெண் இரண்டு வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டாவது வீட்டுப் பெண் எங்கள் பள்ளியிலேயே ஏழாவது படித்தாள். அவள் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. "அம்மா, இது பிரேயர் அக்கா."

"சும்மா இருடி, யாரோ பொண்ணு."

"இல்லம்மா, பிரேயர் அக்காதான். மேல துணி காயப்போட்டுக்கினு கீது பாரு."

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் எழுத்தாக வருவதை எல்லாம் தள்ளிவிடுவார். ஆனால் ஆடியோ வந்தால் ஒன்றையும் விடமாட்டார். போனை முழுச் சத்தத்தில் வைத்து, கடைசி வரை கேட்பார். பள்ளிக்கூடம் தன்னோடு பேசுகிறது என்று அதற்கு அவ்வளவு மரியாதை. இது எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

நான் இறங்கி வந்தபோது அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போன் முறத்தின் ஓரத்தில் கிடந்தது. "சொன்னாலும் புரியாது" என்ற இடம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தப் போனேன். அம்மா கத்தி பிடித்த கையால் என் கையைத் தள்ளினார். முடியும் வரை கேட்டார். பிறகு அவரைக்காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

ஆடியோவுக்குக் கீழே தலைமையாசிரியை எழுதியிருந்தார்: இது நம் பள்ளிக் குழந்தை ஒருவரின் மனக்குரல், பெற்றோர் கேட்டுப் பயன்பெற வேண்டும். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள்.

மிஸ்ஸை அழைத்தேன்.

"உன் பேரைச் சொல்லவே இல்லையேம்மா" என்றார். குரலில் தடுமாற்றம் கூட இல்லை. "ஆரம்பத்துல நீ பேர் சொன்ன இடத்தை என் பையன்கிட்ட குடுத்து கட் பண்ணிட்டுத்தான் ஹெச்.எம்.முக்கு அனுப்பினேன். அவங்க கேட்டுட்டு அழுதுட்டாங்க. நாம நூறு மெசேஜ் எழுதினாலும் பேரன்ட்ஸ்க்கு உறைக்காது, இது உறைக்கும்னாங்க."

"என் குரல் எல்லாருக்கும் தெரியும் மிஸ்."

"அதை நான் யோசிக்கலம்மா" என்றார். அடுத்த மூச்சில், "ஆனா எத்தனை பேருக்கு உபயோகமா இருக்கு தெரியுமா?" என்றார்.

மூன்றாம் நாள் வண்டலூரிலிருந்து அத்தை அழைத்தார். ஊரடங்கில் மிருகக்காட்சி சாலைச் சிங்கம் கத்துவது வீடு வரைக்கும் கேட்கிறது என்று சொல்வதற்காக வாரம் ஒருமுறை அழைப்பவர். அன்றைக்குச் சிங்கத்தை விட்டுவிட்டு, "யாரோ ஒரு பொண்ணு பேசிக்கீது, அனுப்பறேன் கேளு. பாவம். அப்படியே உன் கொரலு" என்றார். வந்து விழுந்த ஆடியோவின் தலையில் பலமுறை பகிரப்பட்டது என்று இருந்தது. அத்தையின் பிள்ளைகள் எங்கள் பள்ளி இல்லை.

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எனக்கு இன்னா புரியாது? சொல்லு பாக்கலாம்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"தூக்கம் வரலன்னு சொன்னா புரியாதா? பயமா கீதுன்னு சொன்னா புரியாதா? அதுக்கு இன்னா டிகிரியா வேணும்? எனக்கும் தான் வரல. நீ பக்கத்துல பொரண்டு படுக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

"அம்மா..."

"ஊரான்கிட்ட என்னை வுட்டுக்குடுத்துட்டு வந்து அம்மான்றா. சாப்புடு."

மிஸ் எனக்குச் செய்ததைப் பல வருடம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நான் அம்மாவுக்குச் செய்ததை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். அந்தக் கடைசி வாக்கியங்களில் வலி இருந்தது, பொய் இல்லை. ஆனால் கொஞ்சம் நடிப்பும் இருந்தது. மிஸ்ஸின் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டேன். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து படிக்காதவரைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல. அதனால்தான் "படிக்காதவங்க" என்று சொன்னேன். அது தேவையே இல்லாத வார்த்தை.

அடுத்த புதன்கிழமை மிஸ் அழைத்தார். எடுக்கவில்லை. மூன்று புதன்கிழமை அழைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தூக்கம் இன்னும் மோசமாயிற்று. ஆனால் இப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை. அம்மாவிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தேன். அப்பா ஆடியோவைக் கேட்டாரா இல்லையா என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் பார்க்கும்போது அவர் ஆட்டோவைத் துடைக்கவில்லை. அது போதும் எனக்கு, கேட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்ள.

பொங்கலுக்குப் பிறகு பிளஸ் டூவுக்கு மட்டும் பள்ளி திறந்தார்கள். மைதானத்தில் கூட்டம் சேரக்கூடாது என்பதால் பிரேயர் ஒலிபெருக்கி வழியாக வகுப்பறைக்கே வரும். முதல் நாள் தலைமையாசிரியை ஆளனுப்பி என்னை அறைக்கு அழைத்தார். மேஜையில் மைக், பக்கத்தில் செய்தித்தாள். மிஸ்ஸும் நின்றிருந்தார், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன.

"வாம்மா. உன் குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார் தலைமையாசிரியை.

நான் மைக்கைப் பார்த்தேன். அதன் முன் வாயைத் திறந்தால் எல்லா வகுப்பறையிலும் தூக்கம் வராத பெண் பேசுவாள் என்று தோன்றியது. "தொண்டை சரியில்லை மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பள்ளி முடியும் வரை என் தொண்டை சரியாகவில்லை. வேறொரு பெண் வாசித்தாள். "கூட்டம்" என்பதைக் "கூட்டாம்" என்று வாசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அந்த வருடம் பொதுத்தேர்வே நடக்கவில்லை. கிடைத்த மதிப்பெண்ணில் உளவியல் சேர்ந்தேன், முடித்தேன். இப்போது கவுன்சலர் ஆவதற்கான ஆற்றுப்படுத்துநர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. முதல் வகுப்பில் பேராசிரியர் ரகசியம் காத்தல் என்று பலகையில் எழுதியபோது, பாதியில் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இந்த மழைக்காலத்தில் செம்பாக்கம் ஏரி நிறைந்து, தெருக்களில் தண்ணீர் நின்று, பள்ளிகளுக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று விடுமுறை நீண்டுகொண்டே போனது. ஐந்தாம் நாள் மிஸ் அழைத்தார். பெயரைப் பார்த்ததும் கை நின்றது. எடுத்தேன்.

"சாப்பிட்டியா?" என்றார். பழையபடியே. "பிள்ளைங்க வீட்டுல அடைஞ்சு கிடக்கறாங்கம்மா. ரெண்டு மூணு பேர் ரொம்ப டல். ஆன்லைன்ல ஒரு மீட்டிங் போடறோம். நம்ம ஸ்கூல் பொண்ணு, இதையே படிக்கற, நீ பேசினா நல்லா இருக்கும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "முதல்ல அந்தப் பழைய ஆடியோவைப் போட்டுடறேன். அப்புறம், அந்தப் பொண்ணுதான் இதுன்னு உன்னைக் காட்டினா..."

"இன்னும் வச்சிருக்கீங்களா மிஸ்?"

"பின்ன? வருஷா வருஷம் புது பேரன்ட்ஸ் மீட்டிங்ல அதைத்தானே போடறோம்."

வருடா வருடம். பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அம்மா பக்கத்தில் இருந்தார். போன் சத்தம் எங்கள் வீட்டில் யாருக்கும் குறைவாக வைத்துப் பழக்கமில்லை. எல்லாம் கேட்டிருந்தார்.

"இப்பவும் போடறாங்களா?" என்றார்.

"ஆமாம்மா."

"நான் பேஜாரா ஒக்காந்து அவரக்கா அரிஞ்சிக்கினு கேட்டனே, அது. அதை வேற வேற ஜனம் கேட்டுக்கினே கீது."

அன்று மாலை தலைமையாசிரியைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அந்த ஒலிப்பதிவைப் பள்ளியில் உள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் அழித்து, அழித்ததை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைகள் நம்பிச் சொல்வதை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை என்று விதி வைக்கும் வரை, எந்தக் கூட்டத்திலும் நான் பேச மாட்டேன் என்றும் எழுதினேன். அந்த டல்லாக இருக்கும் பிள்ளைகள் பேச விரும்பினால் நேரில் வருவேன், பதிவு செய்யாமல் கேட்பேன் என்றும் எழுதினேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன்னைக் கேக்காம போட்டாங்கன்னு எழுதிக்கீற. என்னையும் தான் கேக்கல. அதுல நானும் கீறேன் இல்ல? அதை எழுது."

எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா பேனாவை வாங்கி, தனக்கு எழுதத் தெரிந்த தன் பெயரின் மூன்று எழுத்தை, ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் போட்டார்.

மழை விட்டுப் பள்ளி திறந்த திங்கட்கிழமை காலை இருவரும் போனோம். அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீல் போட்டுத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.