ஆர்டித் மறைக்காத பொருள்

ஆர்டித் ஹோல்கம் சமையல் குறிப்பில் ஒரு பொருளை மறைத்தாள் என்று ஊர் பேசுவது வடிகட்டின பொய். அப்படிச் சொல்கிறவர்கள் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். மறைத்தது மற்ற எல்லோரும்தான். மறைக்காதவள் அவள் ஒருத்தி, அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

அமெரிக்காவின் ஒஹையோ மலைப்பக்கத்து இந்த ஊரில், பத்து வருடத்துக்கு ஒருமுறை தேவாலயத்து மாதர் சங்கம் சமையல் புத்தகம் போடும். ஒவ்வொருத்தியும் தன் பெயரில் ஒரு குறிப்புக் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒரு பொருளை மட்டும் மறந்துவிடுவாள். சங்கத் தலைவி மாக்ஸீன் ப்ரூயிட்டின் கேக்கில், புத்தகத்தைப் பார்த்தால், முட்டையே கிடையாது. அதைப் படித்துச் செய்தவள் வீட்டில் கேக் செங்கல்லாக வந்தால், உன் அடுப்பு சரியில்லை போலிருக்கிறது என்று மாக்ஸீன் மனதார வருத்தப்படுவாள். இதைப் பாவம் என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

ஆர்டித்துக்கு இந்த நடைமுறை தெரியாது. இருபத்திரண்டு வருடமாகச் சங்கத்தில் காபி ஊற்றுகிறவள். அவளிடம் குறிப்புக் கேட்டதே அந்த வருடம்தான். சங்கத்து மேசையில் தனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கப்போகிறது என்கிற சந்தோஷத்தில், ஆப்பிள் ஃப்ரிட்டர் என்கிற இனிப்பு போண்டாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்தாள். மாவு, சோடாப்பவுடர், பட்டைத்தூள், இரண்டு முட்டை, பால். புளிப்பு ஆப்பிள் மூன்று, தோல் சீவி, பொடியாக நறுக்கி, துணியில் ஒற்றி ஈரம் போகத் துடைக்கவும். மிதமான சூட்டில் கரண்டி கரண்டியாக விட்டுப் பொரித்து, சூடு ஆறுமுன் பாலில் கரைத்த சர்க்கரைப் பொடியில் முக்கி எடுக்கவும்.

ஊரே செய்து பார்த்தது. ஒருத்தி டப்பா ஆப்பிளைச் சாறோடு கொட்டினாள். மாக்ஸீன் அவசரத்துக்குத் தீயைக் கூட்டினாள். துடைக்கிற வேலையை ஒருத்தியும் செய்யவில்லை. அதையெல்லாம் யாராவது எழுதுவார்களா, வேறு எதையோ மறைக்கத்தான் இந்த வரியைச் செருகியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். எல்லார் வீட்டிலும் வெளியே கருகி உள்ளே மாவாக வந்தது.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வருகிற நேரம். ஆர்டித்தின் பெயருக்குக் கீழே "இக்குறிப்பு முழுமையானதல்ல" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றாள் மாக்ஸீன். ஆர்டித் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், உங்கள் கண்ணெதிரிலேயே செய்து காட்டுகிறேன் என்று தன் இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறைக்குப் போனாள்.

பதினோரு பெண்கள் சுற்றி நின்று அவள் கையையே பார்த்தார்கள். ஆப்பிளைத் துடைத்தபோது மட்டும் மாக்ஸீன் கொட்டாவி விட்டாள்.

"அது கெடக்கட்டும்டி. அந்தப் பொருளைப் போடுறப்ப மட்டும் சொல்லு."

ஃப்ரிட்டர்கள் பொன்னிறமாக வந்தன. கடித்தால் மொறுமொறு, உள்ளே பஞ்சு. மாக்ஸீன் நாலு தின்றாள். பிறகு அந்த ஈரத்துணியைக் கேட்டு வாங்கி, முகர்ந்து பார்த்து, பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். துணி பதினோரு மூக்கையும் சுற்றி வந்தது. ஏலக்காயாக இருக்கும் என்றாள் ஒருத்தி. கரடிக் கொழுப்பு என்றாள் இன்னொருத்தி.

மாக்ஸீன் ஆர்டித்தைத் தனியே இழுத்து, தணிந்த குரலில் சொன்னாள். "ஏதாவது ஒண்ணைச் சொல்லிடு ஆர்டித். எதுவா இருந்தாலும் பரவால்ல, நாங்க எழுதிக்கிறோம். அடுத்த மாசத்துலேருந்து நீ என் பக்கத்துல உக்காரு. காபியை வேற யாராச்சும் ஊத்தட்டும்."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த நாற்காலி. ஒரு வார்த்தை போதும். ஏலக்காய் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள் என்பதும் உண்மைதான். அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் பெயர் அவளுடையது, அச்சில் ஏறப்போவதும் அதுதான்.

"ஈரத்தைத் தொடச்சேன், மாக்ஸீன். வேற ஒண்ணும் இல்ல. தொடைக்க உங்களுக்குக் கை வலிச்சா அதுக்கு நான் என்ன பண்ணுறது?"

சட்டியிலிருந்த எண்ணெயை வடித்தாள். ஏப்ரனை அவிழ்த்துக் காபிக் குடத்தின் மேல் போட்டாள். சட்டியைக் கோட்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு படியேறினாள். மேல்படியை மிதித்தபோது கீழே நாற்காலிகள் உரசும் சத்தம் கேட்டது: தட்டில் மீதியிருந்த ஃப்ரிட்டர்களுக்குப் போட்டி தொடங்கிவிட்டது. அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.