வணக்கம் வாங்கி வைத்த நலோங்கோ

மழை விட்ட மறுநாள் காலை எடிசா கதவைத் திறந்தால், படியில் ஒற்றை ஷூ. மகன் லுபோவாவின் இடது கால் ஷூ. மூன்று நாளாக அதைத் தேடி வீடு ரெண்டுபட்டுக் கிடந்தது. பையன் ஒரு காலில் ஷூவும் மறு காலில் அக்காவின் ரப்பர் செருப்புமாகப் பள்ளிக்கூடம் போய்வந்தான். யாரோ அதைச் சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவி, காயவைத்து, பாலிஷும் போட்டு வைத்திருந்தார்கள். யாரென்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு நலோங்கோவின் விரல்களில் மட்டும் ரெண்டு நாள் கருப்பு போகவில்லை.

முகோனோ என்கிற அந்த ஊரில் இரட்டைப் பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. நலோங்கோ என்பதே அவளுக்குப் பட்டம். இவள் அந்த இரட்டைப் பெண்களோடு சேர்த்து எட்டுப் பெற்றவள். எட்டையும் மணியடிக்குமுன் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்த புண்ணியவதி. விடியலில் கோயிலில் ஜெபம், பகலெல்லாம் தையல் மெஷின் என்று இருந்தாள்.

எடிசாவின் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் எல்லைப் பக்கம் போய்விடுவான். மூன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் மிஷன் ஆஸ்பத்திரி சமையலறையில் ஒரு மணிக்கு நிற்கவேண்டும், நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்ற. ஒரு மணி என்றால் அங்கே விடிந்தபிறகு வருகிற முதல் மணி. கடிகார முள் ஏழில் நிற்கும், வாய் ஒன்று என்று சொல்லும். ஏற்கெனவே ரெண்டு தடவை பிந்திவிட்டாள். மூன்றாம் தடவை கரண்டி வேறொருத்தி கைக்குப் போகும் என்று சமையலறை சிஸ்டர் மெதுவாகத்தான் சொன்னார். எடிசா அன்றைக்கே நலோங்கோவிடம் போய் அதைச் சொன்னாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நலோங்கோ கையில் சுத்தியலோடு வந்து நின்றாள். சுவரில் மூன்று ஆணி, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். ஆணியில் சீருடை, அதற்குக் கீழே பை, பைக்குள் காலுறை. வாசலோரம் கவிழ்த்த சோடாப் பெட்டிமேல் ஆறு ஷூக்கள் ஜோடி ஜோடியாய். மஞ்சள் ஜெரிகேனில் தண்ணீர் பொழுது சாயுமுன்னே நிறையவேண்டும். சின்னவள் ஜல்வாங்கோ காலையில் குளிக்கும்போதே நின்றுகொண்டு தூங்குகிறவள். அவளுக்கு அந்திக் குளியல், காலையில் முகம் மட்டும். கடைசியாக எடிசாவின் கைப்பேசியை வாங்கி, பதினொரு மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும் என்று, சேவல் கூவுகிற மாதிரி அலாரமும் வைத்துக் கொடுத்தாள். பதினொன்று என்றால் விடிவதற்கு முந்தின மணி. "இனி ஆண்டவரும் இந்தச் சேவலும் பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கள்கிழமை சேவல் கூவவில்லை. எடிசா கண் விழித்தபோது வெயில் சுவருக்கு வந்திருந்தது.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள். ஆனால் ஆச்சரியம், அன்றைக்கு எதையும் தேடவேண்டியிருக்கவில்லை. பெரியவள் நன்சுபுகா ஆணியிலிருந்து சீருடையை இழுத்தாள், லுபோவா ஷூவுக்குள் குதித்தான், ஜல்வாங்கோவின் முகத்தில் தண்ணீர் பட்டது. ராத்திரி அவித்த மரவள்ளி ஆளுக்கொரு துண்டு. கால்மணி நேரத்தில் நாலு பேரும் முற்றத்தில் நின்றார்கள். எடிசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான அந்த முற்றத்தில்தான் சோதனை இருந்தது. கேட்டுக்குப் போகிற வழியில் ஏழு கதவு, ஏழிலும் பெரியவர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டு, வீட்டார் சுகம் கேட்டு, அவர்கள் "ம்ம்" என்றால் இவர்களும் "ம்ம்" என்று, அது ஓயும்வரை எழுந்திருக்கக்கூடாது. தாண்டிப் போனால் வளர்ப்பு சரியில்லை என்று பேர் வந்துவிடும். முதல் கதவிலேயே மூன்று "ம்ம்" ஆகிவிட்டது.

நலோங்கோ எட்டிப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள், எடிசாவின் முகத்தைப் பார்த்தாள். நேரே கேட்டில் போய் நின்றுகொண்டாள்.

"பிள்ளைங்களா, இன்னிக்கு எல்லா வணக்கத்தையும் எங்கிட்ட குடுங்க. யாருக்கு எவ்வளவுன்னு நான் பங்கு போட்டுக்கறேன்."

மூன்று பேரும் அவள் முன்னால் பொத்தென்று மண்டியிட்டு எழுந்து ஓடினார்கள். மூன்றாம் கதவுக் கிழவர் கக்வா, தன் பங்கு எப்போது வரும் என்று முணுமுணுத்தார்.

"சூடா இப்பவே வாங்கிக்குங்க பெரியவரே" என்று நலோங்கோ அவர் முன்னால் தானே மண்டியிட்டாள். கிழவர் வெட்கத்தில் ஒரே "ம்ம்"மோடு கதவுக்குள் போய்விட்டார்.

எடிசா சமையலறைக்குள் நுழையவும் ஆஸ்பத்திரி மணி ஒன்று அடிக்கவும் சரியாக இருந்தது. கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

கஞ்சி முடிந்து மதியத்துக்குப் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தபோது அவள் ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு சேவல் தொண்டை கிழியக் கூவியது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"எடிசா, இன்னிக்கு பீன்ஸ்தானே? கோழி எங்கேருந்து வந்துச்சு?"

கைப்பேசியில் 11:00 என்று மின்னியது. ஊர் வாய்க்கு அது ஐந்து மணி. கைப்பேசியில் விடிகாலை ஐந்து என்று வைக்கவேண்டியதை, நலோங்கோ வாயில் சொன்ன பதினொன்றாகவே வைத்துவிட்டாள். எடிசா பீன்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்து, சிரித்து மூச்சு வாங்க, நடந்ததைச் சொன்னாள். சிஸ்டரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"அஞ்சு மணிக்குக் கூவற சேவல வெச்சுக்கிட்டு ஒரு மணிக்கு வந்து நின்னியே. நீ தேறிட்டே, போ."

சாயங்காலம் இதைக் கேட்டதும் நலோங்கோ தைத்துக்கொண்டிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது: "பதினொன்னுன்னேன், பதினொன்னுல கூவியிருக்கு. சொல்பேச்சு கேட்ட சேவல் அது, அத ஏசாதே."

அதற்குப்பின் சேவல் விடியுமுன்னே, கைப்பேசி ஐந்து காட்டும்போது கூவியது. கேட்டில் வணக்கம் வாங்குவதும் நிற்கவில்லை. பள்ளிக்கூட நாளில் முற்றத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் நலோங்கோவிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அவள் கதவு கதவாகப் போய்ச் சேர்ப்பித்துவிட்டு மெஷினில் உட்காருவாள். ஆண்டவர் கிருபையால் எடிசா அப்புறம் ஒரு நாளும் பிந்தவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து மசாகா ஊரிலிருந்து சேதி வந்தது, நலோங்கோவின் மகள் ஒருத்திக்கும் இரட்டைப் பிள்ளை. வீட்டில் ரெண்டு நலோங்கோ ஆகிப்போச்சு, இனி யாரைக் கூப்பிட்டாலும் ரெண்டு பேர் திரும்புவாங்க என்று சிரித்துக்கொண்டே, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூட்டை கட்டினாள். விடியலில் வேன் வந்து நின்றது. வேலைக்குப் போகிற உடையில் எடிசா ஈரமண்ணில் மண்டியிட்டு, மகளைக் கேட்டதாக, குழந்தைகளைக் கேட்டதாக, போகிற வழியில் இருக்கிறவர்களைக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு முடிக்க மனசில்லை. வேன்காரன் ஹாரன் அடித்தான். நலோங்கோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தலையில் வைத்தாள்.

"எழுந்திரு மகளே, உனக்கு ஒரு மணி ஆகப்போவுது. மிச்ச வணக்கத்த எங்கிட்ட குடு. வழியெல்லாம் குடுத்துட்டு, மீந்தத ஆண்டவர்கிட்ட சேத்துடறேன்."