பேர் தெரியாத சீக்குக்கு அக்காவின் வைத்தியம்

டொரண்டோவில் எங்கள் எதிர்வீட்டு மார்கரெட் அம்மாள் ஒருநாள் காலையில் கொஞ்சம் பால் கேட்டு வந்தார். ஃப்ரிட்ஜில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பால் இருந்தது, தயிர் இருந்தது, மத்தியானச் சாப்பாட்டு டப்பா இருந்தது. டப்பாவின் மேல், பிளாஸ்டிக் பையில் சுற்றிய என் இடது கால் ஷூ உட்கார்ந்திருந்தது. "இது உங்கள் மத வழக்கமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். விளக்க ஆரம்பித்தால் வேலைக்கு நேரமாகிவிடும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வராந்தாவில் என் ஷூக்களைக் கண்டால் அந்த அம்மாள் சற்று ஒதுங்கி, பயபக்தியோடு நடக்கிறார்.

விஷயம் இவ்வளவுதான். வாரத்தில் நான்கு நாள் சாப்பாட்டை மறந்துவிட்டு வேலைக்குப் போகிறவன் நான். ஆனால் ஒற்றை ஷூவோடு வாசல் தாண்ட எனக்கே கூச்சமாக இருக்கும். ஷூவைத் தேடிப் போனால் டப்பா கைக்கு வரும். நான் வேலை பார்க்கும் ஆலையில் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மெஷினை வேடிக்கை பார்க்கப் போனது மூன்றாவது முறையாக நடந்தபோது, மேனேஜர் என்னை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறாம். எங்கள் ஊர் ராஜபாளையத்தில் அதற்குக் கூறுகெட்டவன் என்று பெயர். முப்பத்திரண்டு வயதில் எனக்கு இரண்டாம் முறை பெயர் வைத்தார்கள்.

கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். எடுத்துப்போக வேண்டிய பொருளைக் காலில் இடறுகிற இடத்தில் வையுங்கள். கதவைப் பூட்டும்போது பூட்டிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரிய வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் பாருங்கள். யாரோ ஒருத்தி ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் டைப் அடித்திருந்தாள். படிக்கப் படிக்க எனக்குக் காது சுட்டது. அத்தனையும் என் அக்கா பத்தொன்பது வயதில் கண்டுபிடித்தவை. என் பாலிடெக்னிக் பையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவாள். பையை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது. சைக்கிள் சாவியைச் சாப்பாட்டுத் தூக்கில் கட்டிவிடுவாள். "பரீட்சைக்கு முழுப் புஸ்தகத்தயும் பாக்காதல. ரெண்டு பக்கம் படி, ஒரு கடலை மிட்டாய் தின்னு" என்பாள். நான் முதலில் மிட்டாயைத் தின்றுவிடுவேன்.

அக்கா அப்போது டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலோ ஐந்தோ. வருஷம் சரியாக நினைவிருந்தால்தான் அதிசயம். பாஸானால் தாலுகா ஆபீஸில் வேலைக்கு வாய்ப்பிருந்தது. பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில். பழகின மெஷினில் அடித்தால்தான் விரல் ஓடும் என்று, பரீட்சை எழுதுகிறவர்களின் மெஷின்களை இன்ஸ்டிட்யூட்காரர்களே ஏற்றி அனுப்புவார்கள். அக்காவின் மெஷின் ரிப்பேரில் கிடந்ததால் அன்று காலையில்தான் கைக்கு வந்தது. அவள் முன்னால் போய்விட்டாள். பின்னாலேயே பஸ்ஸில் அதைக் கொண்டுவர வேண்டியவன் நான். அவள் கிளம்பும்போது என் இடது கை வாட்சைக் கழற்றி வலது கையில் கட்டிவிட்டாள். "கை உறுத்தும்போதெல்லாம் மெஷின்னு சொல்லு. இறங்கினதும் நேரா வா. பராக்குப் பாத்த, கொன்னுருவேன்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை மெஷின், மெஷின் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அங்கே ஒருவன் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சண்டை எந்த ஊரிலும் நடந்ததில்லை என்பது எனக்கும் தெரியும். செத்த நேரம் பார்க்கலாம் என்று நின்றேன். கை வலித்தது. பாரத்தை இறக்கிவைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கூட்டத்தில் எனக்குத்தான் நல்ல இடம். கீரி கூடையை விட்டு வெளியே வரவேயில்லை. கடைசியில் தாயத்து விற்றார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்காவின் பேட்ச்சுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே முப்பது மெஷின்களின் சத்தம். அவள் வெளியே படியில் உட்கார்ந்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டவில்லை. பஸ்ஸில் மட்டும், "அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வாயைத் திறக்காத" என்றாள். அப்பா என்னைப் பெல்ட்டால் உரித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். விரல் ஓடவில்லை, பெயிலாகிவிடுவேன் என்று வீட்டில் சொன்னாள். அப்பா, "ஒரு வருசமா தட்டித் தட்டி இதான் கண்டது. போதும், இனி வீட்ல இரு" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். மறுசோறுகூட வாங்கினேன். அடுத்த பரீட்சை வருவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் பெயர் வைத்த வாரமே அக்காவுக்கு ஃபோன் செய்தேன். உள்ளூர ஒரு துள்ளல். பதினைந்து வருஷப் பாரத்துக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே.

"அது சீக்காம்க்கா. நான் வேணும்னு செய்யல."

"அப்படியால. மாத்திரை உண்டா?"

"உண்டு."

"மறக்காமத் தின்னு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பராக்குப் பாத்தது சீக்கு, சரி. அப்பா என்னை ஏசும்போது வாயை மூடிட்டு இருந்தியே, அதுவும் சீக்கால?"

"நீதானக்கா பேசாதன்னு சொன்ன."

"நான் சொல்லி என்னைக்குல கேட்ருக்க?"

டாக்டர் கொடுத்த தாளில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. நானே ஒன்று செய்தேன். நடந்ததை நடந்தபடி அப்பாவுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்பாவுக்குக் கண்ணில் புரை. என் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து அக்காதான் வாசித்துக்காட்டுவாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். இங்கே ஜூலை மாதக் காலை, அங்கே சாயங்காலம். அப்பா எடுத்தார்.

"கடிதாசு வந்துச்சுல. அக்கா வாசிச்சா. நாலு பக்கமும் குளிரு குளிருன்னே எழுதிருக்கியாம்லா?"

குளிரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"காதுல துணி கட்டாம வெளிய போகாத" என்றார் அப்பா. பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கம்பளி வாங்கச் சொல்லுங்கப்பா."

"அப்பா, அது அப்படியில்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் இருவரும் காத்திருந்தார்கள்.

"சரிப்பா, வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டு, சட்டையில்லாமல் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வியர்வை நிற்கவில்லை. ராஜபாளையத்தில், அப்பாவின் மனதுக்குள், காதில் துணி கட்டிய ஒரு நல்ல பிள்ளை பனியில் நடந்துகொண்டிருந்தான்.