பொய் என்று நான் சொன்ன கவிதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களும் நண்பர்களும் ஒரு கவிஞரின் நற்பண்புகளை எதிர்பார்ப்பீர்கள். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் கடைசி வரி வரை வாசித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அக்கா பிறந்தது திருநெல்வேலியில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மலையாள நாட்டுக்கு வந்து, சாலை என்ற கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்து, குடும்பத்தைப் பக்கத்து ஆரியசாலைக்குக் கொண்டுவந்தார். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அக்கா அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். கடையையும் மூடவிடவில்லை. தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலெல்லாம் மலையாளத்தில் ஃபைல் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் கவிதை எழுதுவார்.

அந்தக் கவிதைகளில் நிலாவும் கிடையாது, தென்றலும் கிடையாது. எங்கள் வீட்டில் நடந்ததுதான் இருக்கும். அப்பாவின் குடி, தன் கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷன், பெண் பார்க்க வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போனவர்கள், எல்லாமே அச்சில் வரும். ஆனால் அக்கா ஒரு முறை வைத்திருந்தார். யாரைப் பற்றி எழுதினாரோ அவரை உட்காரவைத்து முதலில் வாசித்துக் காட்டுவார். "கேட்டுக்கோ. பொய்யின்னா சொல்லு, கிழிச்சிருதேன்" என்பார். யாரும் பொய் என்று சொன்னதில்லை. அதனால்தான் அக்கா பையை மாட்டிக்கொண்டு படியேறினால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எங்களோடு இருந்த மாமா வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவின் முறை வந்தது. சின்ன வயதில் அக்காவை அறையில் போட்டுப் பூட்டியதைப் பற்றிய கவிதை. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, நிஜந்தான் என்றார். அது பத்திரிகையில் வந்தபின் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் அம்மாவிடமே சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு, இந்த வாசலை மிதிக்காதே என்று அம்மா சொல்லிவிட்டார். அக்கா கரமனையில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனார்.

மூன்று வருடம் கழித்து அம்மா படுத்த படுக்கையானார். கடைசி இரண்டு நாள் அக்காவைக் கூப்பிடு, கூப்பிடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாசல் தெரியும்படி கட்டிலைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். போன் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. அம்மாவின் முதுகெல்லாம் படுக்கைப் புண். நாங்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் அது. அக்கா வந்தால் அதையும் எழுதிவிடுவார் என்று பயந்தேன். உயிர் பிரிந்தபின்தான் போன் செய்தேன். தூக்கத்திலேயே போய்விட்டார், யாரையும் கேட்கவில்லை என்றேன்.

அக்கா வந்து கட்டிலைப் பார்த்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், நான் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். சின்னக் கவிதைதான். கட்டில் திரும்பியிருப்பது, அம்மா மகளைக் கேட்டது, தம்பி போனைத் தொடாதது, எல்லாம் இருந்தன. கண்ணால் பார்த்தவர் போல எழுதியிருந்தார்.

"பொய்" என்றேன்.

"நீ சொன்னா சரிதான், தம்பி" என்று அக்கா தாளைக் கிழித்துத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் ஒரு வரி எழுதவில்லை. அப்பாடா என்று நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டோம். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சென்ற வருடம் ஆஸ்பத்திரியில், யாரையாவது வரச்சொல்லட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"அம்மையே கடைசில ஆரையும் கேக்கல்லியே. எனக்கு எதுக்கு? சாரமில்ல, பரவால்ல, விடு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

உடனிருந்து பார்த்துக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கும், கரமனை வீட்டுக்காரருக்கும், ரத்தம் கொடுத்த சாலைக் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் கவிதை ஒன்றை, யார் மனமும் புண்படாததாகப் பார்த்து, இங்கே போடச் சொன்னார்கள். அப்படி அவர் ஒன்றுகூட எழுதவில்லை. போட வேண்டியதை நான் கிழிக்கவைத்துவிட்டேன்.

அக்கா, அம்மா சாகும்வரை உன்னைத்தான் கேட்டாள்.