சீமைக் காகிதத்தின் பின்னால் இருந்த சுவர்

நேற்று பேத்தி வீட்டில் வால்பேப்பர் ஒட்டினார்கள். பசையை டப்பாவிலேயே கொண்டுவந்திருந்தார்கள், வாசமே இல்லை. அந்தக் காலத்தில் மைதாவோடு, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பல வருஷம் கழித்து நனைத்தாலும், செப்புக்காசை நாக்கில் வைத்ததுபோல ஒரு புளித்த வாடை கிளம்பும். அப்படி ஒரு சுவரை நான் நனைத்திருக்கிறேன்.

யுத்த காலம். வெண்ணந்தூரிலிருந்து தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் குடிவந்தோம். யாரோ ஒரு வெள்ளைக்கார ரயில் அதிகாரி இருந்துவிட்டுப் போன பழைய வீடு. கூடத்தின் நடுச்சுவரில் மட்டும் சீமைக் காகிதம் ஒட்டியிருந்தது. பச்சைக் கொடியும், நம் பக்கத்தில் யாரும் பார்த்திராத ஒரு குருவியும். என் கல்யாணச் சேலையில்கூட அத்தனை வேலைப்பாடு கிடையாது. ஆனால் ஓரமெல்லாம் கறையான். உரித்துச் சுண்ணாம்பு அடித்தபிறகுதான் தறி போட முடியும்.

"ஈரத்துணி வெச்சு ஊற உட்டு உரி. தண்ணிய ஊத்தீராத, உள்ள மண்ணுச் சுவரு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கடைவீதிக்குப் போனார்.

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் அவர் தங்கை பாவாயி. தலைப்பிரசவம், விடிந்ததிலிருந்து வலி. மருத்துவச்சி கூட இருந்தாள். "நேரமாகுஞ் சாமி, நீ போயி உன் சோலியப் பாரு" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

பாவாயி முனகுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. ஈரத்துணியால் ஒரு சாண் உரிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதுமில்லை. வெந்நீரைக் குடத்தோடு தூக்கி ஊற்றினேன். காகிதம் வாழைப்பட்டைபோல நீளநீளமாக வந்தது. உரிக்க உரிக்க ஆசையாக இருந்தது. ஆறோ ஏழோ குடம் ஊற்றியிருப்பேன்.

கடைசிக் கிழிசல் வந்ததும் கை நின்றுவிட்டது. தரையிலிருந்து உத்திரம் வரைக்கும் ஒரு வெடிப்பு. என் கை முழுசாக உள்ளே போகும். அதிலிருந்து ஈரமண் பொலபொலவென்று உதிர்ந்தது. தலைக்குமேல் உத்திரம் நெரிந்தது.

அந்த நேரத்துக்குத்தான் அவர் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார், தரையில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். தறிமரம் ஒன்றை எடுத்து உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து, தோளை வைத்து நெட்டிப் பிடித்தார்.

"பாவாயிய வெளிய கொண்டு போ."

"இப்ப நகுத்தக் கூடாதுங்க, தலை தெரியுது" என்றாள் மருத்துவச்சி உள்ளேயிருந்து.

"ஊடு உழுவப் போவுதுங்க" என்றேன்.

பாவாயிதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "தூக்குங்க அண்ணி."

வெளியே போக வேறு வழியில்லை. கயிற்றுக் கட்டிலை நானும் மருத்துவச்சியும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு அந்த உத்திரத்துக்கு அடியில்தான் வந்தோம். தங்கையைப் பார்க்கக் கூடாதென்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "சீக்கிரம், என்னால முடியல" என்றார். வாசற்படியில் கட்டில்கால் சிக்கிக்கொண்டது. எப்படி இழுத்தோமோ தெரியாது. முற்றத்தில் இறக்கி வைத்த மறுகணம் பின்னால் சுவர் சரிந்தது. புழுதி அடங்குவதற்குள் குழந்தையின் அழுகை கேட்டது.

அவர் தவழ்ந்து வெளியே வந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது பாதம் நசுங்கிவிட்டது. அதன்பிறகு அவரால் தறி மிதிக்க முடியவில்லை. நான்தான் தறியில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நூல் சுற்றிக் கொடுப்பார்.

காலைப் பற்றி யார் கேட்டாலும், "மழையில ஊறுன சுவருங்க, உழுந்துருச்சு" என்பார். பாவாயியும் கடைசிவரை அப்படித்தான் சொன்னாள்.

அந்த இடத்தில் இப்போது லாரி ஆபீஸ் இருக்கிறது. பாவாயி இல்லை, மருத்துவச்சி இல்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மாசம் ஒரு பொட்டு மழைகூடப் பெய்யவில்லை என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.