இரண்டாம் முறை தைக்காத காது

சின்ன வயதில் கண்மாய்க் கரையில் ஓடும்போது என் கழுத்தின் இரு பக்கமும் ஈயம் சில்லென்று வந்து மோதும். அபிராமத்துப் பக்கம் எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குக் காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, "குணுக்கு" என்னும் ஈய வளையம் மாட்டி, காதின் கீழ்மடலைத் தோள்வரை இறக்குவார்கள். எனக்கோ பிறவியிலேயே விடைத்து நிற்கும் "முறக்காது". கனம் தொங்கினால் காது தானாகப் படிந்துவிடும் என்று நம்பிய அம்மா, ஊரில் யாருக்கும் இல்லாத கனத்தில் குணுக்கு மாட்டினாள். மடல் இறங்கியது; காது அசைந்து கொடுக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ராமநாதபுரத்துப் பள்ளி விடுதியில் சேர்ந்தேன். சின்னக் கம்மல் போட்ட பிள்ளைகள், "அங்கன பாருங்கடி, பாய் விரிச்ச தோணி வருது" என்பார்கள். சாப்பாட்டில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். தொங்கும் மடலை அறுத்துத் தைத்துக்கொள்வது அப்போது பரவிக்கொண்டிருந்த வழக்கம். நான் அழுது அடம்பிடித்ததில் அய்யா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "நான் வளத்த காத அறுக்கிறத நானே வந்து பாக்கணுமாக்கும்?" என்று அம்மா வரவில்லை. வயலில் கதிரறுப்பு நேரம். அய்யாவும், "பயப்படாத ஆத்தா, வாரேன்" என்று என்னை அங்கே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த கட்டில் பெண்ணுக்கு அவள் தாய் கஞ்சி ஊட்டினாள். அதைப் பார்க்கமுடியாமல், வலித்த காதை அழுத்திக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கட்டுப் பிரித்தபோது வலக்காது மடல் சரியாகச் சேர்ந்திருந்தது. இடக்காதைத் தையல் இழுத்து, முன்னைவிட விடைப்பாக நிறுத்திவிட்டது. "மழை கழிச்சு வா, மறுபடி தச்சு, காதையும் பின்னால படிய வச்சிடுறேன்" என்றார் டாக்டரம்மா. அந்த மழைக்காலம் முழுக்க அதே யோசனை. கண்ணாடி முன்னால் காதை விரலால் பின்னுக்கு அழுத்திப் பார்ப்பேன், நன்றாகத்தான் இருந்தது. "இந்தத் தடவ நீ வாரியாம்மா?" என்று கேட்டேன். அம்மா அடுப்பைவிட்டு நிமிராமல், "மொதல்ல கூட்டிட்டுப் போனவுகளையே கூப்பிடு" என்றாள். கத்திக்கு நான் பயப்படவில்லை. அந்தக் கட்டிலில் மறுபடியும் தனியாகக் கிடக்கத்தான் பயந்தேன். போகவில்லை.

இப்போது எங்கள் ஊரில் தொங்கும் காதே கிடையாது. அம்மா எனக்கென்று வைத்திருந்த தங்கக் காதணியான தண்டட்டியை மாட்ட வீட்டில் ஒரு காது இல்லாததால், என் மகள் அதை அழித்துச் சங்கிலி செய்துகொண்டாள். போன வாரம் சென்னையிலிருந்து அவள் போனில், "அந்தக் காத இப்பக்கூடச் சரிபண்ணலாம்மா. காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்" என்றாள். இந்த வயதிலும் ஆசை வரத்தான் செய்தது.

"நீ வாரியா?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் துணைக்கு ஆளே வேண்டாம்மா. நான் இங்கருந்தே ஆட்டோ சொல்லிவிடுறேன்."

போனை வைத்துவிட்டு, இடக்காதை விரலால் பின்னுக்கு அழுத்திப் பார்த்தேன். பிறகு விரலை எடுத்துவிட்டேன்.