கொசு மருந்து அடிக்கும் நாள்

அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். கடைசி நிறுத்தத்தில் வண்டிக்குள் ஒருமுறை நடந்து, தூங்கிப்போனவர்களைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டுத்தான் இறங்குவார். "சொல்லாம யாரையும் இறக்கக் கூடாது" என்பார்.

அறுபத்தெட்டு வயதில் பக்கவாதம். இடது கால் போயிற்று. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் கட்டடப் பராமரிப்பு இன்ஜினியர். பாதி நாள் வெளியூர் சைட்டில். முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். சேர்க்கும் முன் ஜெனரேட்டர், தீயணைப்பு, ஆக்ஸிஜன் லைன் எல்லாம் சோதித்தேன். படிவத்தில் பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் போலவே அங்கேயும் அப்பா தலை எண்ணினார். காலைச் சாப்பாட்டுக்கு நாற்பத்திரண்டு பேர். சில நாள் ஆயாம்மா வந்து அறைக் கதவுகளை எல்லாம் சாத்துவாள். "கொசு மருந்து அடிக்கிறோம், யாரும் வெளிய வராதீங்க." அரைமணியில் திறப்பாள். மருந்து வாசனை இருக்காது. சாப்பாட்டில் நாற்பத்தொன்று.

"வாத்தியார் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார் அப்பா.

"மகன் வீட்டுக்குப் போயிட்டாருப்பா."

"பல்செட்டை விட்டுட்டா?"

பக்கத்துக் கட்டில் டெய்லர் மாமா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"அழுக்குத் துணி வண்டியில போட்டு, பின்பக்க லிஃப்ட்ல இறக்குறாங்க" என்றார் அப்பா என்னிடம். "வெறும் துணின்னா வண்டி கடகடன்னு போகும். அன்னைக்கு மட்டும் சத்தமே வராது. என்னை அப்படி இறக்க விட்டுடாதம்மா. முன்வாசல் வழியா, எல்லாரும் பாக்கப் போகணும்."

டேப் எடுத்து அளந்தேன். முன்பக்க லிஃப்ட் ஆழம் நூற்று முப்பது சென்டிமீட்டர். ஸ்ட்ரெச்சர் நூற்றுத் தொண்ணூறு. மாடிப்படி திருப்பத்தில் தாராளமாக இடம் இருந்தது.

"தூக்க நாலு பேர் வேணும்பா."

"நாலு பேர் கிடைக்காமலா போயிடுவாங்க?" என்றார்.

போன் காலை ஏழு மணிக்கு வந்தது. ஐந்தரைக்கே போய்விட்டாராம். நான் போய்ச் சேர ஐம்பது நிமிடம். மாடியில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது; எல்லாரும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பாவின் மெத்தை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் கறுப்புக் குப்பைப் பை இரண்டு: அவர் சட்டை, ரேடியோ, செருப்பு.

பின்பக்க லிஃப்டில் இறங்கினேன். அடித்தளத்தில், ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், துணி வண்டிக்குள் இருந்தார். நீளம் போதாமல் முழங்காலை மடக்கியிருந்தார்கள். மேலே ஈரப் போர்வைகள்.

மேனேஜர் படிவத்தை நீட்டினார். ஏழாவது பிரிவு: 'மற்றவர்கள் அறியாதபடி பின்வழியே எடுத்துச் செல்லச் சம்மதிக்கிறேன்.' கீழே என் கையெழுத்து. ஜெனரேட்டர் திறனை இரண்டு முறை சரிபார்த்தவள் இதைப் படிக்கவில்லை.

"முன்வாசல் வழியா கொண்டுபோறேன் சார்."

"மேடம், எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்காங்க. பயந்துடுவாங்க."

"அவங்களுக்கு எப்பவோ தெரியும்."

அவர் கையைப் பிசைந்தார். ஆயாம்மா போர்வைகளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "நான் தலைமாட்டுப் பக்கம் பிடிக்கிறேன்" என்றாள். வெளியே காத்திருந்த பிண வண்டி டிரைவர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டோம். முழங்காலை நேராக்க முடியவில்லை. நான் அழுத்திப் பார்த்தேன். விட்டுவிட்டு, உலர்ந்த போர்வை ஒன்றைப் போர்த்தினேன்.

பதினான்கு படி ஏறிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனோம். கரண்டிச் சத்தம் நின்றது. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு அம்மா எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கும்பிட்டார். மூலையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்பா காலைல தவறிட்டார்" என்றேன். "உங்ககிட்ட சொல்லிட்டுப் போக வந்தோம்."

டெய்லர் மாமா கைத்தடியை ஊன்றி வந்தார். போர்வையின் மேல்பக்கம் இல்லத்தின் சலவை முத்திரை நீலமாகத் தெரிந்தது. அதை உள்பக்கமாக மடித்து, ஓரத்தை விரலால் நீவி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்தார்.

"போய்ட்டு வா கண்டக்டர்." பிறகு என்னைப் பார்த்தார். "நாலு பேர் வேணும்னு அளந்து சொன்னியேம்மா. எனக்கு யாரு இருக்கா?"

என் கை ஸ்ட்ரெச்சரில் இருந்தது. ஆயாம்மா முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

முன்வாசல் வழியாகக் கொண்டுபோய் வண்டியில் அப்பாவை ஏற்றியபின் திரும்பி உள்ளே போனேன். ஒரு தாளில் என் நம்பரைப் பெரிதாக எழுதி டெய்லர் மாமாவிடம் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"இது ஒரு ஆள்தானே" என்றார்.

"ஆமா மாமா."

தாளை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.